மணிக்கூண்டைச் சுற்றி நடக்க இடம்: ஊர்ச் சதுக்கத்தை வண்டிகளிடமிருந்து மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் மணிக்கூண்டு, காந்தி சிலை, பழைய பேருந்து நிலையம் என்று ஏதோ ஒன்றைச் சுற்றி எல்லாரும் வந்து சேர்கிற ஓர் இடம் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு உங்கள் ஊரில் அந்த இடத்துக்குப் போய் ஒரு ஓரமாக நின்று பாருங்கள். கடை வாசலில் இரண்டு வரிசை டூ வீலர், அதை ஒட்டி ஒரு கார், அதற்கப்புறம் ஹாரன். நடக்கிறவர்கள் எல்லாம் நிற்கிற வண்டிக்கும் ஓடுகிற வண்டிக்கும் நடுவில் மிஞ்சிய ஒரு முழ இடத்தில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள்.

இதை மாற்ற நினைக்கிற வார்டு உறுப்பினர், வணிகர் சங்கப் பொறுப்பாளர், குடியிருப்போர் சங்கக்காரர், இல்லை சும்மா கோபம் வந்த ஒரு ஆள், யாராக இருந்தாலும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரானைட் கல், அலங்கார விளக்கு, நீரூற்று இதெல்லாம் கடைசி. வண்டிகள் எங்கே போய் நிற்கும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எத்தனை கோடிக்குக் கல் பதித்தாலும், ஆறு மாதத்தில் அந்தக் கல் மேலேயே ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிடுவார்கள். சிறிய ஊர்களில் தலைவலி பெரும்பாலும் காரினால் இல்லை, டூ வீலரினால்தான்.

எந்த அளவுக்கு மாற்றப்போகிறீர்கள்?

மூன்று வகை உண்டு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகள் மாதிரி வண்டியே வராமல் செய்வது ஒன்று. டெல்லி சாந்தினி சௌக்கில் 2021இல் செய்தது போல நேரம் வைத்துத் தடுப்பது இன்னொன்று. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஃபதேபூரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டருக்குக் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிக்குத் தடை, சரக்கு இறக்குவதெல்லாம் இரவில். மூன்றாவது சென்னை பாண்டி பஜார் வகை. 2019 நவம்பரில் திறந்த அந்த நடைபாதை வளாகத்தைப் பற்றி ரோட்டையே மூடிவிட்டார்கள் என்று இன்னும் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூடவில்லை. வண்டி போகிற பாதையைக் குறுக்கி, மிச்ச இடத்தை இரண்டு பக்கமும் நடைபாதைக்குக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சிறிய ஊர்களுக்கு நான் சொல்வது கலப்பு. சதுக்கத்தின் நான்கு பக்கத்தில், பேருந்து போகாத ஒன்று அல்லது இரண்டு பக்கத்தை முழுதாக மூடுங்கள், மற்றதைக் குறுக்குங்கள். கடைக்காரர்களிடம் முதல் நாள் பேசும்போதே இந்த வித்தியாசத்தைப் படம் போட்டுக் காட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் "ரோட்டை மூடப்போறாங்களாம்" என்ற ஒரே வரி டீக்கடை டீக்கடையாகப் பரவும், அப்புறம் நீங்கள் என்ன விளக்கினாலும் எடுபடாது.

ரோடு யாருடையது?

சதுக்கத்தைத் தொடும் ஒவ்வொரு சாலையையும் ஒரு தாளில் வரைந்து, பக்கத்தில் அது யாருடையது என்று எழுதுங்கள். நகராட்சிச் சாலை என்று எல்லாரும் நினைக்கிற முக்கியச் சாலை பல ஊர்களில் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. நகர்மன்றத் தீர்மானம் மட்டும் அங்கே செல்லாது, அந்தத் துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். கோயில் முன்னால் இருக்கும் திடல் கோயிலுக்குச் சொந்தமாக இருக்கலாம். அடியில் ஓடும் குடிநீர்க் குழாய், சாக்கடை, தொலைபேசிக் கேபிள், ஓரத்தில் நிற்கும் மின்வாரியப் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அலுவலகம் இருக்கிறது. இது சலிப்பான வேலைதான், ஒரு வாரம் ஆகும், ஆனால் செய்துவிடுங்கள்.

எண்ணுங்கள், அப்புறம் பேசுங்கள்

எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். கடைக்காரர் தன் வாடிக்கையாளர்கள் எல்லாம் வண்டியில்தான் வருகிறார்கள் என்பார், அதிகாரி இந்த ஊரில் யாரும் நடப்பதே இல்லை என்பார். கையில் எண்ணிக்கை இருந்தால் ஒழிய இந்தப் பேச்சில் ஜெயிக்க முடியாது.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. நான்கு பேர், நான்கு நோட்டு, ஒரு செல்போன் கடிகாரம். சாதாரண நாள் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, சந்தை நாளில் ஒரு முறை என்று போய், சதுக்கத்துக்குள் வருகிற ஒவ்வொரு வாயிலிலும் பதினைந்து பதினைந்து நிமிடம் நடந்து வருபவர், சைக்கிள், டூ வீலர், ஆட்டோ, கார் என்று தனித்தனியாகக் கோடு போட்டு எண்ணுங்கள். வண்டியை எண்ணும்போது உள்ளே எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். ஒரு மினி பஸ்ஸில் இறங்குகிற கூட்டத்துக்கு ஈடாக எத்தனை கார் வர வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது எண்ணிக்கைதான் ஊரையே யோசிக்க வைக்கும். நிற்கிற வண்டிகளின் நம்பர் பிளேட்டில் கடைசி நான்கு எண்ணை அரை மணிக்கு ஒரு தடவை நடந்து போய் எழுதுங்கள். நாங்கள் எங்கள் ஊரில் இதைச் செய்தோம். ஒரு ஜவுளிக்கடை வாசலில் நேர் எதிரே நின்ற சிவப்பு ஸ்கூட்டி காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை அசையவே இல்லை. விசாரித்தால் அது அந்தக் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவருடையது. வாடிக்கையாளருக்கு வண்டி நிறுத்த இடம் போய்விடும் என்று கூட்டத்தில் சத்தமாகப் பேசியவரும் அவரேதான். அதை நாங்கள் கூட்டத்தில் போட்டு உடைக்கவில்லை, தனியாகப் போய் நோட்டைக் காட்டினோம். "அண்ணே, இந்த ஒரு இடத்துல ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து துணி எடுத்துட்டுப் போயிருப்பாங்க?" என்று கேட்டதும் சிரித்துவிட்டார். ஒரு விரோதி குறைந்தார். எண்ணிப் பார்த்தால் உங்கள் ஊரிலும் நாள் முழுக்க இடத்தை அடைத்து நிற்பதில் கடை முதலாளி, ஊழியர் வண்டிகள் நிறைய இருக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொன்று, மழை விட்டதும் போய்ப் பாருங்கள். சேற்றுக் கால்தடம் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் ஜனங்கள் உண்மையில் நடக்கிற பாதை. வரைபடத்தில் அந்தப் பாதையின் குறுக்கே பூந்தொட்டி வைத்தால், தொட்டியைத் தாண்டிக் குதித்துத்தான் போவார்கள்.

கடைக்காரர்கள், தரைக்கடைக்காரர்கள்

கடைக்காரர்களின் பயம் நியாயமானது. வாடகை, வட்டி, சம்பளம் எல்லாம் அவர்கள் தலையில். பொதுக்கூட்டம் போட்டால் உரக்கப் பேசுகிற மூன்று பேர்தான் பேசுவார்கள், ஆகவே கடை கடையாகப் போங்கள். சரக்கு எப்போது வரும், எந்த வண்டியில் வரும், வருகிறவர்கள் எடுத்துப்போகிற பொருள் எவ்வளவு கனம் என்று கேளுங்கள். சிமெண்ட் கடைக்கும் மிக்ஸி கடைக்கும் வளையல் கடைக்கும் ஒரே பதில் வராது. கனமான பொருள் விற்கும் கடைகளுக்குச் சதுக்கத்தின் விளிம்பில் ஒரு ஏற்றும் இடம், பத்து நிமிடம் மட்டும் நிறுத்தலாம் என்ற விதியோடு, கட்டாயம் வேண்டும்.

தரைக்கடை, தள்ளுவண்டி வியாபாரிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "அழகுபடுத்தும் பணி" என்றதும் முதலில் அவர்களைத் துரத்துவது வழக்கமாகிவிட்டது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2014ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டத்தின்படி முதலில் கணக்கெடுப்பு நடத்தி விற்பனைச் சான்று கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதானாலும் முப்பது நாள் முன்னறிவிப்பு வேண்டும். இதே சட்டம் ஊருக்கு ஊர் அமைக்கச் சொல்லும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழு உங்கள் ஊரில் கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பாருங்கள், பதில் சுவாரசியமாக இருக்கும்.

சட்டத்தை விடுங்கள், வியாபாரிகள் இல்லாத சதுக்கம் ராத்திரி எட்டு மணிக்கு வெறிச்சோடிப்போய் பெண்கள் தனியாக நடக்கத் தயங்குகிற இடமாகிவிடும். பூக்கார அம்மாவும் சுண்டல் வண்டியும்தான் அங்கே வெளிச்சமும் கண்ணும். அவர்களுக்குத் தரையில் கோடு போட்டு இடம் ஒதுக்குங்கள், மின் இணைப்பும் தண்ணீரும் குப்பைத் தொட்டியும் வரைபடத்திலேயே வரட்டும்.

டூ வீலர் எங்கே போகும்?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

கணக்கு முதலில். ஒரு கார் நிற்க ஏறக்குறைய 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம் என்று ஒதுக்குவார்கள். அதே இடத்தில் டூ வீலர் ஐந்தாறு நிற்கும். ஆகவே முதலில் சதுக்கத்திலிருந்து காரை வெளியேற்றினாலே வேண்டிய இடம் கிடைத்துவிடும், ஊரில் பலரையும் பகைக்க வேண்டியதில்லை. டூ வீலரை அடுத்த கட்டமாக, நடந்து ஐந்து நிமிடத்துக்குள் எட்டுகிற இடங்களுக்கு மாற்றலாம்.

அந்த இடங்கள் எங்கே? புதிதாக அடுக்குமாடி நிறுத்தம் கட்ட வேண்டும் என்று உடனே ஆரம்பிப்பார்கள். பொறுங்கள். மூடிக் கிடக்கும் சினிமா தியேட்டர், முகூர்த்தம் இல்லாத நாளில் காலியாக இருக்கும் கல்யாண மண்டபத்தின் முற்றம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு மாலையில் அதன் மைதானத்து ஓரம், இப்படி ஒவ்வொரு ஊரிலும் சதுக்கத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஏதாவது கிடைக்கும். வாடகை பேசி எடுத்து, ஆள் போட்டு, டோக்கன் கொடுத்தால் முடிந்தது. கூரை போடுங்கள், வெயிலில் சீட் கொதிக்கிற இடத்தில் யாரும் நிறுத்தமாட்டார்கள், ஏதாவது மர நிழலைத் தேடி மறுபடியும் சதுக்கத்துக்கே வந்துவிடுவார்கள்.

கட்டணத்தில்தான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். கடை வாசலில் இலவசம், தள்ளி இருக்கும் ஸ்டாண்டில் பத்து ரூபாய் என்றால் எவன் தள்ளிப் போவான்? தலைகீழாக வையுங்கள். சதுக்கத்தை ஒட்டி மிஞ்சியிருக்கும் சில இடங்களுக்கு மணிக்கு மணி ஏறுகிற கட்டணம், தள்ளி இருப்பதற்குக் குறைந்த கட்டணம், கடை ஊழியர்களுக்கு மாதப் பாஸ். ஊழியர் வண்டிகள் முதல் மாதமே இடம் மாற வேண்டும், ஏனென்றால் அவைதான் நாள் முழுக்க நிற்பவை.

மாற்றுத்திறனாளிகளின் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டருக்கு மட்டும் உள்ளேயே இடம் விடுங்கள். அவர்களை ஐந்து நிமிடம் நடந்து வரச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

பேருந்து, ஷேர் ஆட்டோ, ஆம்புலன்ஸ்

பேருந்து நிறுத்தத்தைத் தூரமாகத் தள்ளாதீர்கள். பேருந்தில் வருகிறவர்கள்தான் சதுக்கத்தில் நடக்கப்போகிறவர்கள். ஷேர் ஆட்டோக்காரர்களிடம் நாங்கள் முதலில் பேசவே இல்லை, அதுதான் எங்கள் பெரிய தப்பு. முதல் சோதனை நாள் காலையில் தடுப்பு வைத்ததும் அவர்கள் எல்லாரும் தடுப்புக்கு வெளியே, சரியாகத் திரும்புகிற முனையில் வந்து நின்றுகொண்டார்கள், ஊரே அடைத்துக்கொண்டது. அடுத்த தடவை அவர்கள் சங்கச் செயலாளரையே இடம் காட்டச் சொன்னோம். அவர் காட்டிய இடம் எங்கள் வரைபடத்தில் இருந்ததைவிட நல்ல இடம்.

தீயணைப்பு வண்டிக்கு எந்த வேளையிலும் வழி இருக்க வேண்டும். காகிதத்தில் அகலத்தைக் கணக்குப் போடுவதோடு நிறுத்தாமல், நிலைய அலுவலரிடம் கேட்டு வண்டியையே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். கடைகளின் வெயில் தட்டியும் தொங்கும் கேபிளும் எங்கே இடிக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரியும்.

சுண்ணாம்புக் கோடும் பிளாஸ்டிக் நாற்காலியும்

இப்போது செய்து பார்க்கிற கட்டம். நியூயார்க்கில் 2009 மே மாதம் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையின் சில தெருத் துண்டுகளை மூடியபோது, முறையான இருக்கைகள் வந்து சேராததால் மலிவான மடக்கு நாற்காலிகள் சில நூறு வாங்கி நடுரோட்டில் போட்டார்கள். ஜனங்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சில மாதம் அளந்து பார்த்ததில் அந்தப் பகுதியில் நடப்பவர்கள் அடிபடுவது 35 சதவீதம் குறைந்திருந்தது, 2010இல் நிரந்தரமாக்கினார்கள். கோபன்ஹேகனின் ஸ்ட்ராய் கடைத்தெருவையும் 1962இல் சோதனையாகத்தான் மூடினார்கள். கடைக்காரர்கள் அன்றைக்கும் எதிர்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து அது நிரந்தரமானது.

நமக்கும் இதற்குச் சட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி மாநில அரசோ அது அதிகாரம் கொடுத்த அலுவலரோ ஒரு சாலையில் வண்டிகளைத் தடுக்கலாம். அந்தத் தடை ஒரு மாதத்துக்கு மேல் போகாவிட்டால் அரசிதழில் வெளியிடத் தேவையில்லை, உள்ளூரில் முடிந்த அளவு விளம்பரப்படுத்தினால் போதும். ஆகவே சோதனையை ஒரு மாதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது, அது திருவிழா மாதிரி ஆகிவிடும். ஜனங்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள், கடைக்கு வரமாட்டார்கள். குறைந்தது மூன்று வாரம், சாதாரண நாளும் சேர்த்து.

தேவையான சாமான்கள்: காவல் துறையின் பேரிகேட், மணல் நிரப்பிய பெயிண்ட் டப்பா, சுண்ணாம்பு, வாடகை நாற்காலி, இரண்டு சாமியானா. நடைபாதை எவ்வளவு அகலமாக வரப்போகிறதோ அந்த அளவுக்குச் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். முதல் மூன்று நாள் குழப்பமாகத்தான் இருக்கும், திட்டுவார்கள், யாராவது ஒருவர் செய்தியாளரைக் கூப்பிடுவார். நான்காவது நாளில் இருந்து எண்ணத் தொடங்குங்கள், முன்பு எண்ணிய அதே இடத்தில் அதே நேரத்தில். சுற்றியுள்ள தெருக்களிலும் ஆள் நிற்க வேண்டும்; அங்கே நெரிசல் கூடினால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் நிரந்தரமாக்கும்போது அதுவே வந்து கழுத்தைப் பிடிக்கும்.

வரைபடம்

சோதனையில் எது நின்றதோ அதை மட்டும் கல்லாக மாற்றுங்கள். நல்ல வடிவமைப்பாளரைப் பிடியுங்கள், ஆனால் சில அளவுகளை நீங்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் கழகத்தின் (IRC) பாதசாரி வசதி விதிகளின்படி நடைபாதையில் கம்பம், பெட்டி, மரம் எதுவும் குறுக்கிடாத 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் குறைந்தபட்சம் வேண்டும். கடைத்தெருவுக்கு அது பத்தாது, இன்னும் அகலம் தேவை. விளிம்புக் கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. முழங்கால் உயரத்துக்கு நடைபாதை கட்டிவிட்டு, வயசானவர்கள் அதில் ஏறாமல் ரோட்டில் நடக்கிறார்கள் என்று குறை சொல்வதில் பயனில்லை. சரிவுப்பாதை 1:12, அதாவது 15 சென்டிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம்.

கல் பதிக்கும் முன் தண்ணீர் எங்கே போகும் என்று பார்த்துவிடுங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுக் கடைப்படி பள்ளமாகிவிட்ட ஊர்கள் எத்தனை! ஐப்பசி மழையில் முதல் கடைக்குள் தண்ணீர் போனால் உங்கள் திட்டத்துக்கு அன்றைக்கே கருமாதி.

நிழல் இல்லாமல் இருக்கை போடாதீர்கள். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்குக் கிரானைட் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேம்பு, புங்கை வைக்கலாம். வேரைச் சுற்றி மண் திறந்திருக்கட்டும், கழுத்து வரை சிமெண்ட் பூசாதீர்கள். அப்புறம் கழிப்பறை. பூட்டாத, தண்ணீர் வருகிற, பெண்கள் போகக்கூடிய ஒரு கழிப்பறை, எந்தச் சிற்பத்தையும்விட அதிக நேரம் ஜனங்களை அங்கே இருக்க வைக்கும்.

கோயில் ஊர் என்றால் தேர் வரும் வழியை மறக்காதீர்கள். மதுரையில் மாசி வீதிகளில் தேர் ஓடுகிறது. அது போன்ற தெருவில் நிரந்தரக் கம்பமோ நடுத்தொட்டியோ வைத்தால், திருவிழாவுக்கு முந்தின வாரம் பெயர்த்தெடுத்து, அப்புறம் யாரும் திருப்பி வைக்கமாட்டார்கள். கழற்றி மாட்டுகிற கம்பமாகப் போடுங்கள். தேரின் அகலத்தையும் திரும்புகிற வளைவையும் வடம் பிடிப்பவர்கள் நிற்கிற இடத்தையும் கோயில்காரர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தடுப்புக் கம்பங்களின் இடைவெளி ஒரு தர்மசங்கடம். சக்கர நாற்காலி போகிற அகலம் விட்டால் அதே வழியில் டூ வீலரும் நுழையும். டூ வீலரைத் தடுக்க நெருக்கினால் சக்கர நாற்காலி நின்றுவிடும். வளைந்து வளைந்து போகிற இரும்புக் கதவு போன்ற குறுக்குவழிகளைப் பார்த்திருக்கிறேன், எதுவும் உருப்படியாக இல்லை. சக்கர நாற்காலி போகட்டும் என்று இடைவெளி விட்டு, டூ வீலரைப் பிடிக்க ஆளை நிறுத்துவதுதான் வழி. அந்த ஆளின் சம்பளத்தையும் திட்டச் செலவில் எழுதுங்கள்.

வேலை நடக்கும்போது

தை பிறந்த பிறகு தொடங்குங்கள். தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதமும் வடகிழக்குப் பருவமழையும் தொடவே கூடாத காலம், ஆடித் தள்ளுபடியும் அப்படியே. ஒரே நேரத்தில் முழுச் சதுக்கத்தையும் தோண்டாமல் ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் போங்கள், ஒவ்வொரு கடை வாசலிலும் உறுதியான பலகை போட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். குழாய், கேபிள்காரர்கள் எல்லாரும் தங்கள் வேலையைக் கல் பதிக்கும் முன் முடித்தாக வேண்டும். பதித்த மறுமாதம் ஒருவர் வந்து குறுக்கே வெட்டிவிட்டுத் தாரைக் கொட்டிப் போவதை நாம் பார்க்காததா?

திறந்த பிறகு

ரிப்பன் வெட்டிய நாள் கூட்டத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதல் மூன்று மாதம்தான் பரீட்சை. நடைபாதையில் ஏறி நிற்கிற முதல் வண்டியை அன்றைக்கே எடுக்க வைக்க வேண்டும். ஒன்று நின்றால் சாயங்காலத்துக்குள் பத்து நிற்கும். உடைந்த கல்லை மாற்ற, விளக்கைப் பார்க்க, குப்பை அள்ள ஒரு தனிக் கணக்குத் தலைப்பும், வாகன நிறுத்தக் கட்டணத்திலிருந்து அதற்கு ஒரு பங்கும் ஒதுக்கினால் ஒவ்வொரு தடவையும் நகராட்சியில் கெஞ்ச வேண்டியிருக்காது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே நோட்டோடு போய் அதே இடத்தில் எண்ணுங்கள்.

கடைசியாக, அந்தக் கழற்றி மாட்டுகிற கம்பத்தின் சாவி. அது யாரிடம் இருக்கிறது என்று எழுதிவையுங்கள். எங்கள் ஊரில் சோதனையின்போது ஆளுக்கொரு சாவி கொடுத்தோம், ஒரு வாரத்தில் ஊரில் செல்வாக்கு உள்ள எல்லார் கையிலும் சாவி இருந்தது. இப்போது மூன்றே மூன்று: தீயணைப்பு நிலையம், காவல் நிலையம், மணிக்கூண்டுக்கு எதிரில் ராத்திரி பன்னிரண்டு வரை திறந்திருக்கிற மருந்துக்கடை. மருந்துக்கடைக்காரர் சாவி கொடுக்கும்போது ஒரு நோட்டில் பெயர் எழுதி வாங்குகிறார். பெயர் எழுதச் சொன்னதும் பாதிப் பேர் பரவாயில்லை என்று வண்டியை வெளியே விட்டுவிட்டு நடந்தே உள்ளே போய்விடுகிறார்கள்.